பார்க்காமல் வாங்கிய பனிக்கால டயர்கள்

என் மருமகளுக்குப் பனியில் கார் ஓட்டத் தெரியாது என்று எங்கள் சனத்துக்குள் ஒரு கதை உலவுகிறது. கோயில் வாசலில் சப்பாத்துக் கழற்றும்போது அந்தக் கதை வரும். கல்யாண மண்டபத்தில் இரண்டாம் பந்திக்குக் காத்திருக்கும்போது வரும். சொல்கிறவர்களில் பாதிப்பேருக்கு வாகனம் ஓட்டும் அனுமதிப்பத்திரமே கிடையாது. மற்றப் பாதிப்பேர் பனி விழுந்தால் காரை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் போகிறவர்கள். அவர்கள் எல்லோர் மேலும் எனக்குக் கோபம். ஆனால் அந்தக் கதை முளைக்க இடம் கொடுத்தவன் நான். ஆகையால் கோபத்தின் பெரும்பங்கு எனக்குத்தான் சேர வேண்டும்.

நான் ஊரில் விஞ்ஞான ஆசிரியனாக இருந்தவன். இந்தச் சுவிஸ் நாட்டுக்கு வந்து டாவோஸில் ஒரு ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவினேன். பிறகு லுசேர்ணில் ஒரு வயோதிபர் இல்லத்தில் சலவைப் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றேன். கண்ணில் புரை வந்த பிறகு அனுமதிப்பத்திரத்தை நானாகவே திருப்பிக் கொடுத்துவிட்டேன். நானும் மனைவியும் மகன் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருக்கிறோம். மகன் சூரிச்சுக்கு ரயிலில் வேலைக்குப் போய் வருகிறவன். வீட்டில் ஒரு கார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் தமிழ்க் கடைக்கும் எங்கள் எல்லோரையும் ஏற்றி இறக்கும் அதே காரைத்தான் கிழமை நாட்களில் மருமகள் வேலைக்கு எடுத்துப் போவாள்.

அவள் இங்கே பிறந்தவள். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் தாதி. அவளுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது நகரத்துக்கு மேற்கே மலைச்சரிவில் சிதறிக் கிடக்கும் பண்ணை வீடுகள். காலையில் ஒரு கிழவருக்கு இன்சுலின் ஊசி, அடுத்த வீட்டில் ஒரு அம்மாவின் கால் புண்ணுக்குக் கட்டு, அதற்கு மேலே ஒரு வீட்டில் படுக்கையில் கிடப்பவரைக் குளிப்பாட்டுவது. அந்த மலைச் சனம் பேசும் ஜெர்மன் எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. அவள் அவர்களைப் போலவே இழுத்துப் பேசுவாள். வீட்டுக்கு வந்து அவர்களைப் போலப் பேசிக் காட்டுவாள். என் மனைவி கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். கறுத்த பெண் என்று முதல் நாள் கதவைப் பாதி திறந்தவர்கள் பிறகு பாற்கட்டியும் முட்டையும் கொடுத்து அனுப்பினார்கள். அந்த வேலையை அவள் எவ்வளவு விரும்பினாள் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் டயர் கதைக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்ததன் அளவு தெரியாது.

இந்த நாட்டில் ஒக்டோபரிலிருந்து ஈஸ்டர் வரை காருக்கு வேறு டயர். சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை, ஆனால் போடாமல் போய் எங்காவது முட்டினால் காப்புறுதிக்காரன் சும்மா விடமாட்டான். எங்கள் பழைய பனிக்கால டயர்கள் தேய்ந்துபோன ஆண்டு அது. மருமகள் இலையுதிர் காலத் தொடக்கத்திலேயே புது டயர் தேடும் வேலையில் இறங்கிவிட்டாள். ஈரத் தெருவில் எது எவ்வளவு தூரத்தில் நிற்கும், பனியில் எது திரும்பும் என்றெல்லாம் வாகன ஓட்டிகளுக்கான சோதனை முடிவுகளைப் படித்து, விலை கூடினதும் அல்லாமல் மலிந்ததும் அல்லாமல் ஒன்றைத் தேர்ந்து வைத்திருந்தாள்.

சாப்பாட்டு மேசையில் அதைச் சொன்னாள். அவ்வளவுதான், எல்லோரும் டயர் நிபுணர்களாகிவிட்டோம். மகன் கைத்தொலைபேசியை எடுத்து வேறொரு பட்டியலைத் தேடினான். அவன் அந்தக் காரைப் பனி இல்லாத நாட்களில் மட்டும் ஓட்டுகிறவன். என் மனைவி, "நாலு காலத்துக்கும் ஒரே ரயர் இருக்காமே, கோயில்ல கதைச்சவை. வருசத்துக்கு ரெண்டுதரம் கழட்டிப் பூட்டுற கரைச்சல் இல்லையாம்," என்றாள். அவளுக்கு ஓட்டவே தெரியாது. பிறகு லா ஷோ-து-ஃபோனிலிருந்து என் மைத்துனன் தொலைபேசியில் வந்தான். அங்கே மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்கிற அவனுக்குத் தன் ஊர்ப் பனியைப் பற்றித் தாங்க முடியாத பெருமை, ஏதோ தானே உற்பத்தி செய்து இறக்குவது போல.

"அத்தான், உங்கட லுசேர்ண் ஸ்நோ எல்லாம் ஒரு ஸ்நோவோ? இஞ்ச வந்து பாருங்கோ, கதவு திறக்க ஏலாது. ரயர்ல ஒண்டும் இல்லை அத்தான். ஓடுற ஆளிலதான் எல்லாம்."

"மாமா, நீங்கள் வேலைக்கு நடந்துதானே போறனீங்கள்?" என்று மருமகள் அவனைக் கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். ஆனால் தான் சொன்னதை அவன் மறக்கவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

இப்போது நினைத்தால் உடம்பு எரிகிறது. அந்த மேசையில் பனித் தெருவில் சுக்கான் பிடிப்பவள் ஒருத்திதான் இருந்தாள். மற்ற எல்லோரும் சோறு தின்றுகொண்டிருந்தவர்கள். ஆனாலும் அது 'குடும்பக் கார்' என்பதால் குடும்பம் முடிவு செய்ய வேண்டுமாம். அவள் மலைக்குப் போக வேண்டும் என்று வரும்போது மட்டும் அது அவளுடைய கார், பெற்றோல் அடிப்பதும் அவள்.

அந்த வாரம் கோயிலில் என் பழைய அறைநண்பரைக் கண்டேன். டாவோஸில் ஹோட்டல் கூரைக்குக் கீழே ஒரு அறையில் அவரும் நானும் இருந்தோம். என்னிலும் பத்து வயது இளையவர். நான் மெல்லிய சப்பாத்தோடு வந்து இறங்கிய முதல் பனிக்காலத்தில் தன்னுடைய ஒரே பூட்ஸைக் கழற்றித் தந்துவிட்டு, தான் பிளாஸ்டிக் பையைக் காலில் சுற்றிக்கொண்டு குப்பை கொட்டப் போனவர். இப்போது லுசேர்ணுக்கு வெளியே ஒரு கராஜ் வாடகைக்கு எடுத்துப் பழைய கார்களும் டயர்களும் விற்கிறார். டயர் பார்க்கிறோம் என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறார். கோயில் வாசலில் என்னை மறித்துக்கொண்டார்.

"என்ன மாஸ்டர், ரயர் தேடுறியளாம். ஏன், நான் செத்துப் போனனோ?"

"சீ, அப்பிடி இல்லை. மருமகள்தான் ஏதோ புதுசு பாக்கிறா."

"புதுசு என்னத்துக்கு? என்னட்ட ஒரு செற் கிடக்கு. ஒரு சுவிஸ் மனுசன்ர. ஓடவே இல்லை, நிலவறையில வச்சிட்டுச் செத்துப் போட்டார். மனுசி எடுத்துக்கொண்டு போ எண்டு தந்தது. தவாளிப்புப் பள்ளங்களைப் பாத்தியள் எண்டால் கடையில இருந்து இப்ப வந்த மாதிரி. உங்கட காருக்கு அளவான சைஸ்தான். சனிக்கிழமை வாங்கோ, பூட்டி விடுறன்."

நான் உடனே ஓம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து மருமகளிடம் சொன்னபோது அவள் முகம் சற்று வாடியது. ஆனால் மறுத்துப் பேசவில்லை. இங்கே பிறந்தாலும் பெரியவன் கொடுத்த வாக்கை முறிக்கச் சொல்லக் கூடாது என்று அவளை வளர்த்திருக்கிறார்கள். அந்த வளர்ப்பை நாங்கள் மேடைகளில் மெச்சிக்கொள்வோம்.

"சரி மாமா. ஆனா ஒண்டு. ரயரின்ர பக்கத்தில நாலு இலக்கம் இருக்கும். எந்தக் கிழமை, எந்த வருசம் செய்தது எண்டு. வருசம் கனக்கப் பழசு எண்டால் எடுக்காதேங்கோ. தவாளிப்பு எவ்வளவு ஆழமா இருந்தாலும் பழசு எண்டால் றப்பர் இறுகிப்போடும். எனக்குச் சனிக்கிழமை ஒபிஸில வேலை, பஸ்ஸில போறன், வர ஏலாது. நீங்கள் பாத்திட்டுச் சொல்லுங்கோ."

"எனக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறியோ?" என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

சனிக்கிழமை மகன் என்னைக் காரில் கொண்டுபோய்க் கராஜில் விட்டுவிட்டு, அருகிலிருந்த உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய்விட்டான். நண்பர் பெரிய ஆரவாரத்தோடு வரவேற்றார். மின்கேத்தலில் தண்ணீர் கொதித்தது. வடை வாங்கி வைத்திருந்தார். நான்கு டயர்களும் சுவரோடு சாய்த்து நிறுத்தப்பட்டிருந்தன, துடைத்து, ஏதோ தைலம் பூசி, கறுப்பாகப் பளபளவென்று.

"பாருங்கோ மாஸ்டர், இளம் பெட்டை மாதிரி இருக்கு," என்றார்.

நான் பார்க்கவில்லை.

இதை விளக்குவது எனக்குக் கடினம், ஆனால் எங்கள் ஆட்களுக்கு விளங்கும். வேண்டியவர் ஒருவர் ஒரு பொருளைத் தரும்போது அவர் முன்னாலேயே அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்க மாட்டோம். அந்நியனுடைய கடையில் ஒரு கிலோ வெண்டிக்காயை ஒவ்வொன்றாக முறித்துப் பார்ப்போம். உறவுக்காரன் கடையில் அவன் பையில் போட்டதைக் கட்டிக்கொண்டு வருவோம், வீட்டில் வந்து அழுகலைப் பிரித்து எறிவோம். அதற்குப் பெயர் மரியாதை. எனக்குப் பூட்ஸ் தந்த மனிதர் தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டு நிற்கும்போது நான் முழங்காலில் இருந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவர் தந்த டயரில் இலக்கம் தேடுவதா? முடியவில்லை. பார்க்கச் சொன்னவள் முகம் நினைவுக்கு வந்தது. மருமகள் சொல்லித்தான் பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரிந்தால் இன்னும் மரியாதைக் குறைவு என்றும் தோன்றியது.

ஆனால் கை பார்த்தது. அவர் ஒன்றைத் தூக்கும்போது உதவிக்குப் பிடித்தேன். கராஜ் குளிராக இருந்தது. பனிக்கால டயரின் றப்பர் குளிரிலும் மென்மையாக இருக்க வேண்டும், அதற்காகத்தான் அந்த டயரே. என் பெருவிரலுக்கு அது மரக்கட்டை போலிருந்தது. உராய்வைப் பற்றி எத்தனை வகுப்புகளுக்குப் படிப்பித்திருப்பேன்! 'ஓடவே இல்லை, நிலவறையில் இருந்தது' என்று அவர் கோயிலில் சொன்னபோதே அந்த மனிதர் எத்தனை வருடம் ஓடாமல் வைத்திருந்தார் என்று கேட்டிருக்க வேண்டியவன் நான். கேட்கவில்லை. வடை தின்றேன். டாவோஸ் கதைகளைக் கதைத்துச் சிரித்தோம். அவர் பூட்டி முடித்தார்.

மாலையில் மருமகள் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும் முன்னமே கேட்டாள். "மாமா, இலக்கம் பாத்தனீங்களோ?"

"ஓம் பிள்ளை, பாத்தனான். நல்ல ரயர்."

ஒரு வார்த்தையும் தடுமாறவில்லை. நாற்பது பேர் வகுப்பில் 'விளங்கினதோ' என்று கேட்கும் அதே குரலில் சொன்னேன்.

தை மாதத்தில் ஒரு காலை. இரவு முழுவதும் பனி கொட்டியிருந்தது. தெருவைத் துப்புரவு செய்திருந்தார்கள், ஆனால் மேலே ஒரு மெல்லிய பனிப்படை பிடித்திருந்தது. கால் புண்ணுக்குக் கட்டுப்போடப் போன மருமகள், ஒரு பண்ணைக்குக் கீழே இறங்கும் வளைவில் சுக்கானைத் திருப்பினாள். கார் திரும்பவில்லை. நேரே போய் வேலியை உடைத்து, வயலுக்குள் இறங்கி, அடுக்கியிருந்த விறகில் மோதி நின்றது. பனி வாரும் வண்டிக்காரர் வந்து கண்டிருக்கிறார். தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. விறகு அடுக்கு அங்கே இல்லாவிட்டால் கீழே என்ன இருந்தது என்று நான் பிறகு ஒரு முறை போய்ப் பார்த்தேன். அதைப் பற்றி எழுத மாட்டேன்.

வைத்தியசாலையிலிருந்து அவள் வந்ததும் விசாரணை தொடங்கியது. மகன் கேட்டான், "நீ எவ்வளவு ஸ்பீட்ல போனனீ?"

"முப்பதும் இல்லை."

"முப்பதில போனால் கார் ஏன் இழுபடுது?"

"தெரியேல்லை. மெல்லமாத்தான் திருப்பினனான். பிறேக் கூட அமத்தேல்லை."

என் மனைவி உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்துத் தலையைச் சுற்றினாள். நாவூறாம். மருமகள் பாற்கட்டியும் முட்டையும் கொண்டுவருவதைப் பார்த்து யாரோ கண் வைத்துவிட்டார்களாம். லா ஷோ-து-ஃபோனிலிருந்து மைத்துனன் தொலைபேசியில் வந்தான், ஒலிபெருக்கியில். "நான் அண்டைக்கே சொன்னனான். ரயர்ல ஒண்டும் இல்லை, ஓடுற ஆளிலதான். பெம்பிளைப் பிள்ளையளை உந்த மலை றோட்டுக்கு விடக் கூடாது அக்கா." பக்கத்து அறையில் தோளில் கட்டோடு படுத்திருந்தவளுக்கு அது கேட்டது. கேட்க வேண்டும் என்றே அவன் உரத்துச் சொன்னான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

அன்று மாலை நான் அவளுக்குச் சூப் கொண்டுபோனேன். அவள் மறுபடி கேட்டாள்.

"மாமா, ரயர் எந்த வருசம் எண்டு பாத்தனீங்கள்தானே?"

அவள் குற்றம் சாட்டவில்லை. கணக்கு ஒன்று சரிவராமல் இருக்கும்போது பிள்ளை ஆசிரியரிடம் வந்து கேட்பது போலக் கேட்டாள். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஒரு முட்டாள் கிழவனின் வெட்கத்தோடு காரியம் முடிந்திருக்கும்.

"பாத்தனான் பிள்ளை," என்றேன். "சூப் ஆறப் போகுது."

அவள் தலையை ஆட்டினாள். டயர் நல்லது என்றால், வேகமும் குறைவு என்றால், பிழை தன் கையில்தான் என்று அந்தக் கணத்தில் அவள் முடிவு செய்தாள். நான் அதைக் கண்ணால் கண்டேன். முதற் பொய் கூச்சத்தில் வந்தது என்று யாரும் எனக்குச் சமாதானம் சொல்லலாம். இரண்டாவதற்கு அப்படி எதுவும் இல்லை. அது என்னைக் காப்பாற்றிக்கொள்ள அவளைப் பலிகொடுத்தது.

எலும்பு பொருந்தியது, காரும் திருத்தி வந்தது. அவள் திரும்பவும் ஓட்டத் தொடங்கியபோது வளைவுகளில் கார் நின்றுவிடும் அளவுக்கு வேகத்தைக் குறைத்தாள். பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். மகன், "உனக்கு ஏலாது எண்டால் விடன்," என்றான், அன்பாகத்தான். அந்த அன்பைப் போல எரிச்சல் தருவது வேறில்லை. அவள் மலை வீடுகளை விட்டாள். நகரத்துக்குள் ஒரு வயோதிபர் இல்லத்தில் வேலை எடுத்தாள், பஸ்ஸில் போய் வரக்கூடிய இடம். மலைச் சனத்தின் பேச்சை அவள் பிறகு வீட்டில் பேசிக் காட்டவில்லை. என் மனைவி ஒருநாள் கேட்டபோது, "மறந்து போச்சு மாமி," என்றாள்.

பனிக்காலம் முடிந்து மகன் டயர்களைக் கழற்றி எங்கள் நிலவறை அறையில் அடுக்கினான். அரிசிப் பை எடுக்க நான் இறங்கும்போதெல்லாம் அவை அங்கே இருந்தன. ஒருநாள் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு போய், நண்பர் இல்லாத இடத்தில், முழங்காலில் இருந்து பார்த்தேன். அந்த டயர்கள் என் மருமகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் செய்யப்பட்டவை. தவாளிப்புகளுக்கு அடியில் மயிர் போல வெடிப்புகள். நான் எழும்பி, அரிசியை எடுத்துக்கொண்டு மேலே வந்து, சோறு வடித்துக் கொடுத்தேன். சொல்லவில்லை. கோடை முழுவதும் சொல்லவில்லை. ஏரிக்கரையில் நடந்தேன், கோயில் திருவிழாவில் தண்ணீர்ப்பந்தலில் நின்றேன், யாரோ அவள் ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். படித்தவன், நேர்மையானவன் என்று பெயர் எடுத்தவன். அந்தப் பெயருக்கு என்ன பெறுமதி என்று அந்தக் கோடையில் எனக்குத் தெரிந்தது.

ஒக்டோபரில் மைத்துனன் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். ஆட்டிறைச்சிக் கறி. மகன் டயர் மாற்ற நேரம் வந்துவிட்டது என்றான். "போன வருசத்துச் செற் கிடக்குத்தானே. இவ இப்ப மலைக்குப் போறேல்லை. அதுவே காணும்."

மைத்துனன் எலும்பை உறிஞ்சிக்கொண்டு, "புதுசு வாங்கினாலும் என்ன, ஓடுற ஆளை மாத்த ஏலுமோ?" என்றான். அவன் மனைவி, "சும்மா இருங்கோ, பாவம்," என்று சிரித்தாள். மருமகளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. அவள் தன்னைப் பற்றிய பகிடிக்குத் தானே ஒத்துச் சிரிக்கப் பழகிவிட்டாள்.

"அந்த ரயர் பழசு," என்றேன். "நான் இலக்கம் பாக்கேல்லை. பாத்தனான் எண்டு பொய் சொன்னனான். ரெண்டுதரம். றப்பர் கட்டை மாதிரி இருந்தது எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். பிள்ளையில ஒரு பிழையும் இல்லை."

பிறகு நடந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மைத்துனன் கையைக் கழுவாமலே எழுந்து வந்து என் தோளைப் பிடித்தான். "அத்தான், நீங்கள் பெரிய மனுசன். இந்த வயசில ஆருக்கு இப்பிடி ஒத்துக்கொள்ள மனம் வரும்?" அவன் கண் கலங்கியது. என் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பாவம், எவ்வளவு நாளா மனசுக்குள்ள வச்சுக்கொண்டு இருந்திருக்கிறியள்," என்றாள் எனக்கு. மகன், "விடுங்கோ அப்பா, ஆருக்கும் வாறதுதான்," என்றான். யாரோ எனக்கு இன்னும் கொஞ்சம் இறைச்சி போட்டார்கள்.

ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் ஒன்பது மாதமாக அவளைப் பழித்தவர்கள். ஒரு ஆள், ஒரேயொரு ஆள், 'பிள்ளை, உன்னைப் பிழையாச் சொல்லிப்போட்டம்' என்று சொல்லவில்லை. நான் பொய் சொன்னபோது அவள் தோள் முறிந்தது. உண்மை சொன்னபோது எனக்கு மாலை விழுந்தது. இது என்ன நியாயம்?

அவள் கேட்டது ஒன்றுதான். "எந்த வருசத்து ரயர் மாமா?"

சொன்னேன்.

"நான் ஒவ்வொரு நாளும் படுக்கேக்க அந்த வளைவில திரும்பவும் திரும்பவும் ஓடிப் பாக்கிறன்," என்றாள். "எங்க பிழைச்சது எண்டு." பிறகு தன் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போனாள். கதவை அடித்துச் சாத்தியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் சாத்தினாள்.

அடுத்த நாள் நான் நண்பரிடம் போனேன். அவருக்கும் சொல்ல வேண்டும், இனி அப்படி வயதான டயர்களை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்றும் சொல்ல வேண்டும். அவர் மனம் நோகும் என்று பஸ்ஸில் போகும் வழியெல்லாம் பயந்தேன். அவர் முழுவதையும் கேட்டார். முகம் கறுத்துவிட்டது.

"மருமகள் இலக்கம் பாக்கச் சொன்னதோ?"

"ஓம்."

"அப்ப ஏன் என்னட்டக் கேக்கேல்லை?"

"உமக்கு மனம் நோகும் எண்டு..."

"என்ன மாஸ்டர் கதைக்கிறியள்!" அவர் கையிலிருந்த துணியை எறிந்தார். "நான் தவாளிப்பைத்தான் பாக்கிறவன். எனக்கு உந்த வருசக் கணக்கு அப்ப பெரிசாத் தெரியாது. அது என்ர பிழைதான். ஆனா கேட்டிருந்தால் பாத்திருப்பன்தானே. உள்ளுக்கு வேற செற் ஒண்டு கிடந்தது. தவாளிப்பு கொஞ்சம் குறைவு, ஆனா புதுசு. அதைப் பூட்டி விட்டிருப்பன். உங்களுக்கு நல்லதைத் தருவம் எண்டுதான் இதைத் துடைச்சு வச்சனான். கேட்டால் கோவிக்கிறவன் எண்டோ என்னை நினைச்சீங்கள்? உங்களோட ஒரு கட்டில்ல மாறி மாறிப் படுத்தவன் நான்."

மரியாதை என்று நான் காப்பாற்றிய அந்தப் பொருளை அவர் ஒருபோதும் என்னிடம் கேட்டதே இல்லை. நானாகவே அவரைத் தொட்டால் சுணங்கி என்று எண்ணிக்கொண்டு, அந்த எண்ணத்துக்காக ஒரு பிள்ளையை மலைக்கு அனுப்பியிருக்கிறேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது என்னை நானே அறைய வேண்டும் போலிருந்தது. அந்த வடையின் ருசி வாய்க்குள் வந்தது.

பிறகு ஒரு வேலை செய்தேன். அவளைப் பற்றிக் கதைத்தவர்கள் என்று எனக்குத் தெரிந்த எல்லோருக்கும் தொலைபேசி எடுத்தேன். பிழை அவளுடையதல்ல, என்னுடையது என்றேன். ஒருவர் பின் ஒருவராக அதே பாட்டு. "உங்களை மாதிரி ஆக்கள் இப்ப இல்லை மாஸ்டர்." "வயசுக்கு ஏத்த பெருந்தன்மை." ஒருவரிடம் நான் கத்தியே விட்டேன். "என்னைப் பற்றி நான் கேக்கேல்லை! அந்தப் பிள்ளையைப் பற்றி ஏதும் சொல்லும்!" அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "என்ன இருந்தாலும் மலை றோட்டு ஆபத்துத்தானே," என்றார்.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு கல்யாணத்தில் முன்வரிசையிலிருந்த ஒரு பெண் மருமகளைக் காட்டி, "இவதானே அண்டைக்கு அடிபட்ட பிள்ளை," என்றாள். நான் எழுந்து விளக்கத் தொடங்கினேன். இரண்டு வசனம் சொல்வதற்குள் மருமகள் என் கையைப் பிடித்து இருத்தினாள்.

"விடுங்கோ மாமா. நீங்கள் கதைக்கக் கதைக்க எல்லாரும் உங்களைத்தான் பாக்கினம்."

அவள் சொன்னது உண்மை. அதனால்தான் மண்டபங்களில் கதைப்பதை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன். யாருடைய பெயரும் இல்லாமல். என்னைத் தேடி வந்து தோளைத் தட்ட ஒருவருக்கும் வழி வைக்கக் கூடாது என்பதற்காக.

இந்த ஆண்டு டயரை அவளே வாங்கினாள். யாரிடமும் கேட்கவில்லை, மேசையில் சொல்லவுமில்லை. ஒருநாள் கீழே போய்ப் பார்த்தபோது காரில் பூட்டியிருந்தது. அவளுடைய பழைய மலை வீடுகளுக்கு வேறொரு தாதி வந்துவிட்டாள். இடம் காலியானால் சொல்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்களாம். அதையும் மகன் மூலம்தான் அறிந்தேன். என்னோடு அவள் மரியாதையாகத்தான் நடக்கிறாள். மருந்து நேரத்துக்கு எடுத்துத் தருகிறாள். முன்பு போல வாசலில் நின்று எதையும் கேட்பதில்லை. என் பதிலில் அவளுக்கு இனி வேலை இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது கூரைகள் எல்லாம் வெள்ளை. அவள் உடுத்துக்கொண்டு வந்து கார்ச் சாவியை எடுத்தாள்.

"எங்க போறாய்? இப்பதான் ஸ்நோ வாருறாங்கள். மத்தியானம் எல்லாம் கரைஞ்ச பிறகு போவன்," என்றான் மகன்.

"கரைஞ்சால் பிறகு என்னத்துக்குப் போறது?"

"அப்ப நானும் வாறன். அல்லது அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ."

"ஒருத்தரும் வேண்டாம்."

மகன் என்னைப் பார்த்தான், நான் ஏதாவது சொல்லி மறிப்பேன் என்று. நான் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வரியும் படிக்கவில்லை. கார் தரிப்பிடத்திலிருந்து வெளியேறும் சத்தம் கேட்டது. மனைவி பூசையறையில் விளக்கேற்றினாள். மகன் யன்னலுக்கும் தொலைபேசிக்குமாக நடந்தான்.

மத்தியானம் தாண்டி வந்தாள். மூக்கு குளிரில் சிவந்திருந்தது. சப்பாத்தில் ஒட்டியிருந்த பனியைப் படியில் தட்டிவிட்டு உள்ளே வந்தாள்.

"மேல, அந்த வளைவுக்குப் போனனியோ?" என்று மகன் கேட்டான்.

"மாமி, பசிக்குது. என்ன கறி?" என்று அவள் கேட்டாள்.

என் மனைவி எழுந்து போய்ச் சோறு போட்டாள். மருமகள் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டாள்.